மீன் அரைப்பில் உருளைக்கிழங்கு

என் சிறுவயதில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அதில் மீன்தான் இருக்காது. தேங்காய், வற்றல் மிளகாய், மல்லி, உள்ளி என்று நாங்கள் சொல்லும் சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்து அம்மா காலையிலேயே அரைத்து வைத்த அரைப்பில் ராத்திரி உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும். சில வாரம் முருங்கைக்காய். அப்பாவின் முகம் ரொம்பவும் வாடியிருந்தால் முட்டை. இத்தனைக்கும் காரணம் ஒரு வெள்ளைக்காரர்.

அப்பாவுக்குத் துபாயில், அல் குசைஸில் ஒரு ஏ.சி. மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ரிட்டையராகி நாட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்கு மைக்ரோவேவ், ஒருவருக்கு நல்ல சைக்கிள். எங்கள் அப்பாவுக்கு ஒரு நீளக் குழாய்க்குள் தூண்டில். அந்த மைக்ரோவேவ் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

அது சாதாரணத் தூண்டில் என்றாலும் பரவாயில்லை. இதில் புழு கிடையாது, இறால் கிடையாது. இறகையும் நூலையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சிதான் முனையில் இருக்கும். கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி வீசி, பூச்சி தானாக வந்து விழுந்ததுபோல் தண்ணீரில் இறக்க வேண்டும். மீன் ஏமாந்து கடிக்கும். வெள்ளைக்காரர் ஊரில் பனி பெய்யும் ஓடைகளில் இப்படித்தான் ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீனைப் பிடிப்பார்களாம். அப்பா அந்த வீடியோக்களை டூட்டி முடிந்து வந்ததும் போட்டுவிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. அந்த மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், எத்தனை வருஷமானாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவரும், வழி மறக்காது என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

பயிற்சி எல்லாம் ஹாலில்தான். கொக்கி முதலில் திரைச்சீலையில் மாட்டியது, அப்புறம் ஃபேனில், ஒருநாள் அம்மாவின் நர்ஸ் யூனிஃபார்மில். பூச்சி கட்டுவதற்கு இறகு வேண்டுமே என்று என் ஷட்டில்காக்கைப் பிய்த்தார். அது போதாமல் கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கும் சம்மனசின், அதாவது தேவதூதரின், சிறகையும் பிய்த்தார். அந்த வருஷம் எங்கள் குடிலில் மொட்டைச் சம்மனசு நின்றது. அம்மா அதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருந்தது. அவள் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. அப்பனும் அண்ணன் தம்பிகளும் கடலுக்குப் போகிற வீடு. அப்பா அதே மாவட்டத்தில் உள்ளே, ரப்பர் தோட்டங்கள் பக்கம். இரண்டு பேரும் விரும்பிக் கல்யாணம் செய்தபோது, மீனுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத மலைக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று கரையில் பெரிய பேச்சு நடந்ததாம். அதனால்தானோ என்னவோ, அப்பா ஒரே ஒரு மீனைப் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அப்போதெல்லாம் அமீரகத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் வெள்ளியன்றே பார்த்துவிடுவோம். கோயில் முடிந்ததும் நேரே ராஸ் அல் கைமா. அங்கே கடல் உள்ளே புகுந்து ஓடைபோலக் கிடக்கும் இடத்தில், அலையாத்திச் செடிகள் ஓரமாகப் பாயை விரிப்போம். அம்மா சட்டி, சின்ன கேஸ் அடுப்பு, டப்பாவில் அரைப்பு எல்லாம் கொண்டுவருவாள். வள்ளம் கரைக்கு வருமுன்பே அரைத்து வைத்துவிடுவது அவள் ஊர் வழக்கம். அரைக்காமல் இருந்தால் மீன் வராது என்று நினைப்பவர்கள் அவர்கள். அப்பாவின் தூண்டிலை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் ஒரு வாரம்கூட அரைக்காமல் வந்ததுமில்லை.

அங்கே போவதற்கு இன்னொரு காரணம் மாமா. அம்மாவின் தம்பி. அங்கே ஒரு அரபியின் லாஞ்சில் மீன்பிடி வேலை. வாரம் முழுக்கக் கடலில் கிடந்தவரை லீவு நாளில் மீன்பிடி பார்க்க உட்காரவைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அவர் பாயில் சாய்ந்துகொண்டு அப்பாவை வம்புக்கு இழுப்பார்.

"அத்தான், மீனுக்குப் புழுக்கமா இருக்குன்னு விசிறி வீசுதியளா?"

ஒருதடவை அதிசயமாக விரல் நீளத்தில் ஒரு குஞ்சு மாட்டியது. அப்பா வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி அதைத் திரும்ப விடப் போனார். மாமா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். மாமா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "வந்த மீன வுடப்பிடாது அத்தான். கடலு கோவிச்சுக்கிடும்," என்றார். அன்று குழம்பில் அந்தக் குஞ்சு எங்கே போனதென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து கொஞ்ச நாளில் மாமாவைக் காணவில்லை. லாஞ்சில் என்ஜின் ரிப்பேர், எதிர்க்கரை நாட்டில் நிற்கிறது, மாமா அதோடு அங்கே இருக்கிறார் என்று என்னிடம் சொன்னார்கள். எனக்குப் பதினொரு வயது. அப்பா எவ்வளவு பெரிய ஏ.சி.யையும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார், இந்த என்ஜினுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்காகிறது என்று கேட்டேன். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதில் எனக்கு ஆற மாட்டாத எரிச்சல் என்னவென்றால், மாமா இல்லாதபோதும் வெள்ளிதோறும் ராஸ் அல் கைமா போவது நிற்கவில்லை. அப்பா தண்ணீரில் நின்று வீசிக்கொண்டிருப்பார். அம்மா லாஞ்சுகள் கட்டும் துறைக்கு நடந்து போய், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நின்று பேசிக்கொண்டிருப்பாள். மலையாளி, பெங்காலி, எங்கள் கரைக்காரர்கள், ஒருவரையும் விடமாட்டாள். நான் வெயிலில் பாயைக் காத்துக்கொண்டு, என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மாலில் இருப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பொருமுவேன். அம்மாவுக்கு இவ்வளவு வாய் எப்போது வந்தது என்றும் நினைத்துக்கொள்வேன்.

வெயில் ஏறத் தொடங்கிய காலத்தில் மாமா வந்துவிட்டார் என்று போன் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை என் தோழிக்குப் பிறந்தநாள். அல் குசைஸில் பௌலிங் விளையாடுமிடத்தில் பார்ட்டி. நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று அப்பா சத்தியம் செய்தபிறகுதான் காரில் ஏறினேன்.

மாமா பாதியாகிப் போயிருந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கேட்டதற்குப் பேன் என்றார். அம்மா கொண்டுபோன பிரியாணியை, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல் தட்டைக் கையால் வளைத்துக்கொண்டு தின்றார். என் பங்கு கோழிக்காலும் அவருக்கே போனது. அப்பாவை ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை.

அன்று அம்மா மாமாவைக் குடைந்துகொண்டே இருந்தாள். லாஞ்ச் அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போகிறது. மாமா அதில் ஏறுகிறாரா, இல்லை விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்குப் போகிறாரா என்று சாயங்காலத்துக்குள் கஃபீலிடம், அதாவது அந்த அரபி முதலாளியிடம், சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குத் தம்பி ஊருக்குப் போக வேண்டும். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

"லேய், நீ வாயத் தொறந்து சொல்லுல. போறியா, இருக்கியா?"

"பாப்பம்க்கா."

"எத்தன வாட்டி பாப்ப? எனக்க உசிர எடுக்காத."

மாமா பாயிலிருந்து கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் காரை எடுக்கலாமே. மணி ஏற்கனவே மூன்றைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் அப்பா கத்தினார். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. கயிறு உருளை கிர்ரென்று சுற்றிக்கொண்டு ஓடியது. சம்மனசின் சிறகை ஏதோ ஒன்று விழுங்கிவிட்டது. அம்மா அழுகையும் கோபமுமாக இருந்தவள், எல்லாவற்றையும் மறந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பிறந்தநாளை மறந்து, வாளியை எடுத்துக்கொண்டு செருப்போடு தண்ணீரில் இறங்கினேன்.

"இழுக்காதிய, வுட்டுப் பிடிங்க!" என்று அம்மா கரையிலிருந்து கத்த, "சும்மா கெடட்டீ!" என்று அப்பா கத்த, ரொம்ப நேரம் அந்த மீன் எங்கள் குடும்பத்தையே அலைக்கழித்தது. கடைசியில் கரைப்பக்கம் வந்து விழுந்தது. தோல்பாறை மீன். என் கை நீளம் இருக்கும், வெள்ளித் தகடாக மின்னியது. அடுத்து என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. "தம்பி, வா வா, நீ பிடி!" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா பேன்ட்டை மடிக்காமல் அப்படியே இறங்கி வந்தார். இரண்டு கையாலும் மீனை ஏந்தி, வாயிலிருந்து கொக்கியை நோகாமல் எடுத்தார். நான் வாளியை நீட்டிக்கொண்டு நின்றேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வாளியைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீர்வரை நடந்தார். குனிந்தார். மீனைத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்று, கையை விரித்தார்.

மீன் போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் அலையாத்தியிலிருந்த கொக்குகள் பறந்தன. ஒரு வருஷக் காத்திருப்பு, ஒரு வருஷ உருளைக்கிழங்கு, என் சம்மனசு, என் ஷட்டில்காக், என் பௌலிங் எல்லாம் அந்தக் கையிலிருந்து நழுவிப் போனது. அதுவும் விடக்கூடாது என்று சட்டம் பேசியவர் கையிலிருந்து! அப்பா வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார்.

"போவட்டு அத்தான்," என்றார் மாமா. எங்கள் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, நானும் ஊருக்குப் போறேன். எனக்குப் பயமா இருக்கு."

இவ்வளவு பெரிய ஆள் ஒரு மீனுக்கா பயப்படுவார் என்று எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது. அம்மா சட்டியை மணலில் வைத்துவிட்டு, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு தண்ணீரில் இறங்கிப் போய் அவர் முதுகில் கை வைத்தாள். அப்பா கயிற்றைச் சுற்றினார், தூண்டிலைத் துடைத்துக் குழாய்க்குள் போட்டார். "யல்லா, கெளம்புவோம்," என்றார், அவ்வளவுதான்.

கஃபீல் வீட்டு வாசலில் காரில் காத்திருந்தோம். மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். 'கலாஸ்', சரி முடிந்தது, என்று கஃபீல் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். பார்ட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கேக் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவும் அரைப்பில் உருளைக்கிழங்குதான். மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தட்டை வளைக்காமல். அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. உள்ளி என்றாள். உள்ளியெல்லாம் காலையிலேயே அரைத்தாகிவிட்டது.

கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்கு விவரம் சொன்னார்கள். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் போன போக்கில் லாஞ்ச் கடல் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அந்த நாட்டுக் காவல் படகுகள் பிடித்துக்கொண்டுபோய் எல்லாரையும் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருக்கின்றன. அம்மா துறையில் நின்று விசாரித்ததெல்லாம் அதைத்தான். இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் கரையில் எந்த ஆம்பிளையும் கடலுக்குப் பயம் என்று வாயால் சொன்னதில்லை. சொன்னால் அதோடு கரையில் அவன் தலைநிமிர முடியாது.

ஆனால் இதெல்லாம் தெரியாத வயதில்தான் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். மாமா அங்கே ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கஃபீல் சரியில்லை, விசா முடிந்தது என்று கரையில் சொல்லிவைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தபோது அம்மாவின் அண்ணன்மார் அப்பாவிடம், துபாயில் மீன் பிடிக்கிறாராமே, என்ன பிடித்தார் என்று விசாரித்தார்கள்.

"ஒரு தோல்பாறை மாட்டிச்சு. இவ்வளவு நீளம்," என்று கையை விரித்துக் காட்டினார் அப்பா. "நான்தான் திரும்ப வுட்டுட்டேன். அந்த வெளையாட்டுல அதுதான் ரூல்."

பந்தியே அதிர்ந்தது. பிடித்த மீனைத் திரும்ப விட்ட மலைக்கார மருமகன் என்று பெரியவர்கள், பிள்ளைகள், பரிமாற நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டம் அவருக்கு அங்கே இருக்கிறது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. "பொய்! விட்டது..." என்று ஆரம்பித்தேன். அம்மா மேசைக்கு அடியில் கையை விட்டு என் தொடையைக் கன்றிப்போகக் கிள்ளினாள்.

அப்போது மாமா குழம்புச் சட்டியோடு வந்தார். அப்பாவின் இலைக்கு முன்னால் நின்று, கரண்டியால் துழாவித் துழாவி, சட்டியிலேயே பெரிய நடுத்துண்டை எடுத்து வைத்தார். போதும் போதும் என்று அப்பா கையை மறிக்க மறிக்க, இன்னொன்றும் வைத்தார். என் இலைக்கு வரும்போது வால்தான் மிச்சம். பொய் சொன்னவருக்கு இரண்டு நடுத்துண்டு, உண்மை தெரிந்த எனக்கு வால். உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது என்று அன்று நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.