மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை

"வீட்டை என்ன கச்சிதமா வச்சிருக்கீங்க" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் அந்த வார்த்தை ஆகாமல் போய்விட்டது. வாடகை வீட்டில் சாமான் வைக்க இடம் கண்டுபிடிப்பது எப்படி என்று போனில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து வீடியோ போடுகிறாள். கட்டிலுக்கு அடியில் வையுங்கள், கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள் என்கிறாள். அடிப்பாவி, அதெல்லாம் நான் எப்போதோ செய்து, அதற்கான பலனையும் அனுபவித்து முடித்தவள்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த வீடு. என் கணவருக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. எனக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. இருவருக்குமே ஸ்ரீரங்கம் தோதான இடமில்லை. மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது, அதற்காகத்தான் அங்கே கிடந்தோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். எல்லாப் பேச்சும் அந்த வீட்டு மாமியோடுதான். மாமி ரொம்ப இதமாகப் பேசுவார். அதுதான் பெரிய தொல்லை, கோபித்துக்கொள்ளவும் முடியாது.

சாவியைக் கொடுக்கும்போதே மாமி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதேம்மா." இன்னொன்று, முன்னறை எங்களுக்கு இல்லை. "வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்க வருவோம் பார், அப்ப தங்கறதுக்கு அது எங்களுக்கு வேணும்." வருஷத்தில் ஒரு வாரம், பத்து நாள் ஆள் இருக்கிற அறை. மற்ற நாளெல்லாம் பூட்டு. அந்த வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே அறை அதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கூடமும் சமையலறையும்.

ஆணி அடிக்க முடியாத வீட்டில் குடித்தனம் செய்து பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும். காலண்டர் மாட்டக்கூட வழியில்லை. வெங்காயக் கூடை, குடை, மகளின் ஸ்கூல் பேக் எல்லாம் ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கின. கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உயர்த்தினேன். அரிசி டிரம்மும் டிரங்குப் பெட்டியும் உள்ளே போயின. அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் குக்கர், குக்கருக்குள் வடிகட்டி. டீ வடிகட்ட வேண்டுமென்றால் அண்டாவை இறக்க வேண்டும். போர்வைகளை மடித்துத் தலையணை உறைக்குள் திணித்துவிடுவேன். விருந்தாளிகள் அதில் சாய்ந்துகொண்டு "தலகாணி கொஞ்சம் கனமா இருக்கே" என்பார்கள். இதையெல்லாம் அப்போது நான் பெருமையாகத்தான் செய்தேன். கடையில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

மகள் பிளஸ் டூ வந்தபோதுதான் இந்தச் சாமர்த்தியமெல்லாம் போதவில்லை என்று தெரிந்தது. சாமானை அடுக்கிவிட்டேன், பெண்ணை எங்கே உட்கார வைப்பது? என் கணவருக்கு நைட் ஷிப்ட் வாரமென்றால் பகலில் கூடத்தில் தூங்க வேண்டும், விளக்கு போடக் கூடாது. மற்ற வாரங்களில் அவர் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். அவள் சமையலறையில் அம்மிக்கல் மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள். குக்கர் சத்தம் ஒரு பக்கம், தாளிக்கிற புகை ஒரு பக்கம். அரசாங்க இன்ஜினீயரிங் கல்லூரியில் சீட் வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அது மட்டும்தான் எங்களால் முடிகிற வழியும். தனியார் கல்லூரியை நாங்கள் வாசலில் நின்று பார்க்கலாம். கணக்கில் கொஞ்சம் சறுக்கினாலும் கட் ஆஃப் போய்விடும் என்று அவளே எங்களுக்கு விளக்குவாள்.

மொட்டைமாடிக்குப் போகிற படிக்குக் கீழே ஓர் இருட்டறை இருந்தது. வீட்டுக்காரர்களுடைய உடைந்த நாற்காலி, துருப்பிடித்த மண்ணெண்ணெய் அடுப்பு, கரிமூட்டை, எலிப்புழுக்கை, எல்லாம் அதற்குள்தான். நான் மாமிக்குப் போன் போட்டு, அதைச் சுத்தம் பண்ணி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோ, அது வெறும் குப்பைதானேம்மா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் மூவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளினோம். வெள்ளையடித்தோம். பல்பு மாட்டினோம். ஆணி அடிக்கக் கூடாதே, அதனால் அவர் பட்டறையில் முதலாளியிடம் கேட்டு, மிஞ்சிப்போன ஆங்கிள் துண்டுகளை வாங்கிவந்து, தன் காலிலேயே நிற்கிற மாதிரி மேஜையும் தட்டுகளும் சேர்ந்த ஒரு இரும்பு ஸ்டாண்டு பற்றவைத்தார். படி சரிகிற பக்கத்தில் தலை இடிக்கும். அந்தப் பக்கத்துக்கு உயரம் குறைவான தட்டு, நிமிர்ந்து உட்காருகிற பக்கத்தில் மேஜை. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார் மனிதர்.

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் சாத்திக்கொண்ட முதல் கதவு அது. அரைப் பரீட்சையில் கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் மாமியும் மாமாவும் வந்தார்கள். ஏகாதசி தரிசனம் ஆகி, மறுநாள் காலை மாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நானேதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கட்டிலுக்கு அடியில் காட்டினேன், அண்டாவைத் திறந்து காட்டினேன், கடைசியாகப் படிக்குக் கீழேயும் காட்டினேன். மாமி அசந்துபோய் நின்றுவிட்டார்.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன். இத்தனை வருஷமா இங்க இவ்வளவு எடம் இருந்ததுன்னு நமக்கே தெரியலையே."

மாமா வந்து இரும்புத் தட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "பலே" என்றார். நான் பூரித்துப்போய் உள்ளே ஓடி இன்னொரு டம்ளர் காபி கலந்து வந்தேன்.

பொங்கல் கழிந்து மாமியிடமிருந்து போன். சென்னையில் அவர்கள் குடியிருக்கும் பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். கட்டி முடிக்கிற வரைக்கும் அவர்கள் பிள்ளை வீட்டில் இருப்பார்களாம். "சாமான் கொஞ்சம் அனுப்பறேம்மா. அதான் அந்தக் கீழ் ரூம் காலியா இருக்கே."

"மாமி, அது காலியா இல்லீங்க. பொண்ணு அங்கதான் படிக்குது. மார்ச்ல பரீட்சை."

"படிக்கறவா எங்க வேணா உக்காந்து படிக்கலாமேம்மா. சாமான் அப்படி இல்லையே."

இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது திடீரென்று இந்த வாக்கியம் ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு நான் மென்று முழுங்கி, "முன் ரூம் பூட்டித்தானே மாமி இருக்கு, அதுல வச்சா என்னங்க" என்று கேட்டேன்.

"அது பெருமாளைச் சேவிக்க வந்தா நாங்க தங்கற எடம் இல்லையோ? அங்க போய் மூட்டை முடிச்சை அடைச்சா நன்னாவா இருக்கும்?" குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "நீ சாமர்த்தியக்காரி, உனக்கா எடம் கிடைக்காது?"

ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். "முடியாதுன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பரீட்சைக்கு முன்னாடி எங்க போயி வீடு தேடறது? விடு." அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் என் ஆத்திரம் இன்னும் அதிகமானது.

லாரி வந்த நாளில் நான் லீவு போட்டேன். சோபா, பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகள், கொலுப்படி, அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டி. மகள் ஸ்கூலுக்குப் போகுமுன்பே தன் புத்தகங்களைத் தானே எடுத்து, கட்டில் மேல் அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தாள். இரும்பு ஸ்டாண்டையாவது வெளியே எடுக்கலாம் என்று நான் போனபோது, கூட வந்திருந்த மாமா தடுத்தார். "இருக்கட்டுமேம்மா. நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு, பெட்டி அடுக்க வசதி." என் கணவர் மகளுக்காகப் பற்றவைத்த மேஜையின் மேல் அவர்களுடைய மிக்சியும் கிரைண்டரும் ஏறி உட்கார்ந்தன. கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டு, சாவியை மாமா பையில் போட்டுக்கொண்டார். நான் அவருக்கும் காபி கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மகள் சாயங்காலம் வந்தாள். பூட்டைப் பார்த்தாள். "பரவால்லம்மா" என்றாள். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். அதற்கப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். வெயில் வந்தால் உள்ளே, கொசு வந்தால் உள்ளே, உள்ளே அப்பா தூங்கினால் மறுபடி வெளியே. பரீட்சைக்கு முந்தைய நாள்கூட அவள் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கணக்கில் மார்க் குறைந்தது. கட் ஆஃப் போனது. பேப்பர் கஷ்டம் என்றார்கள், எல்லாருக்கும்தான் குறைந்தது என்றார்கள், தலையெழுத்து என்றார்கள். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சென்னையிலிருந்து வந்த ஒரு சோபாவுக்காக என் மகளின் படிப்பு போனது. நான் சாகிற வரைக்கும் இப்படித்தான் சொல்வேன். இப்போது அவள் பி.காம். படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். கேட்பவர்களிடம், தனக்கு இதுதான் பிடித்திருந்தது என்று சொல்லிக்கொள்கிறாள்.

ரிசல்ட் வந்த கையோடு வீட்டைக் காலி செய்தோம். இப்போது பொன்மலைப் பக்கம் ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர், ரயில்வேயில் ரிடையர் ஆனவர், நல்ல மாதிரி. இங்கே பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. அதில் மகள் ஒரு மேஜை போட்டுப் படிக்கிறாள்.

போன மாதம் குளியலறைச் சுவரில் ஓதம் இறங்குவதைப் பார்க்க வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். பழக்கதோஷம், நான் வீட்டை ஒதுங்கவைக்க ஆரம்பித்தேன். மகள் பின்னறைக்குள் போனாள். எட்டிப் பார்த்தால், மேஜை மேல் துவைத்த துணியெல்லாம் குவிந்திருக்கிறது. நாற்காலி மேல் பழைய சூட்கேஸ். வெங்காய மூட்டையை இழுத்துவந்து வாசலை அடைத்தாற்போல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே? அவரு வர நேரத்துல."

"அவரு போகட்டும்மா. அப்பறம் எடுத்துக்கலாம்."

வீட்டுக்காரர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். போகும்போது பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, "சாமான் ரொம்ப அடைசலா இருக்கே, வீடு பத்தலையாம்மா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஆமாங்க சார். பத்தவே மாட்டேங்குது" என்றாள் மகள், நல்ல சிரித்த முகமாக.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார். அவள் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் வந்த பிறகுதான், துணிக்குவியலுக்கு அடியில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.