எதை எதன்மேல் ஏற்றட்டும்?

மற்ற ரிப்பேர் கடைகளில் பொருள் கெட்டிருக்கும். என் கடையில் பொருள் நன்றாகவே இருக்கும், அதற்குள் ஆடிவைத்த ஆட்டம்தான் செத்துக் கிடக்கும்.

கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் பெட்டியைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் ஆடி எட்டிய இடம் அதன் மெமரி கார்டில், நகக்கண் அளவு இடத்தில், பதிந்திருக்கும். கார்டு போனால் அத்தனையும் போச்சு. இரண்டாயிரத்துக்குப் பிறகு கப்பல்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தண்டையார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த நான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, 'ஆட்டம் காப்பி எடுத்து வைக்கப்படும், போனால் திரும்ப ஏற்றித் தரப்படும்' என்று போர்டு மாட்டினேன். கடலில் விழுந்த கார்டை வஞ்சிர மீன் வயிற்றிலிருந்து எடுத்து ஆட்டத்தை மீட்டவன் நான். நம்பாதவர்கள் அந்த மீனையே கேட்டிருக்கலாம், அது குழம்பாகிவிட்டது. கார்டு போய் ஒரு தரமாவது கண் கலங்கியவர்களே, இது உங்களுக்காக.

தேயும் என்றவர்

துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் ஒருவர். சரக்கு ஏற்றக் காத்துக் கிடக்கும் வரிசையில் ஆடி ஆடியே ஒரு கிரிக்கெட் அணியை உலகக் கோப்பை வரைக்கும் தூக்கி வந்திருந்தார். பதினோரு பேருக்கும் தன் கூட்டாளி டிரைவர்கள் பெயர். "கார்டு இளைத்திருக்கிறது, ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன்" என்றேன். மனிதர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "கேசட்ட காப்பி அடிச்சி அடிச்சி அசல்ல பாட்டே கேக்காம பூட்ச்சி எங்க வூட்ல. இதும் தேஞ்சிடும்." இது அப்படித் தேயாது என்று சொன்னேன். நம்பவில்லை. வஞ்சிர மீன் கதையை நம்பியவர் இதை நம்பவில்லை, பாருங்கள்.

மழைக்கால முடிவில் செத்த கார்டோடு வந்தார். நான் எல்லா வழியும் பார்த்தேன், ஒன்றும் எழவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அதற்குள் லாரி விபத்தில் போய்விட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆட்டத்திலாவது அவர் மட்டை பிடித்துக்கொண்டிருந்தாராம். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். செத்த கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ இன்னும் கொஞ்சம் என்னோட சண்ட போட்டிருக்கலாம், நைனா" என்றார்.

ஒரு பண்ணை, இரண்டு பெட்டி

ராயபுரத்து தேவராஜும் ஸ்டெல்லாவும் வேறு ரகம். அவன் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன், அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். ஆளுக்கொரு பெட்டி, இருவருக்கும் ஒரே ஆட்டம்: வீடு கட்டி, விதைத்து, மாடு வளர்க்கும் பண்ணை ஆட்டம். அவன் கப்பல் ஏறும் முன் இருவரும் கடைக்கு வருவார்கள். சேர்ந்து ஆடிய பண்ணையை இரண்டு கார்டிலும் ஒன்றுபோல ஏற்றிக் கொடுப்பேன். வாசலில் இருவரும் சேர்ந்து நட்ட மரம் ஒன்று. அது ஏதோ சீமை மரம்தான். ஸ்டெல்லாவுக்கு அது முருங்கை.

அவன் திரும்பி வந்ததும்தான் கூத்து. இத்தனை மாதத்தில் பண்ணை இரண்டாகியிருக்கும், ஆனால் சேர்ந்து ஆட ஒன்றுதான் வேண்டும். ஒன்றை ஏற்றினால் மற்றது அழியும். "எதை எதன்மேல் ஏற்றட்டும்?" என்பேன். "என்துல மாடு நிக்க எடம் இல்ல, மாடியே கட்டிட்டேன்" என்பான் தேவராஜ். "எங்க, காட்டு" என்பாள். "சார்ஜ் இல்லமே." அவள் விடமாட்டாள். தறி, கோழி, தக்காளி என்று தன் பண்ணையின் பெருமையை வரிசையாக அடுக்குவாள். கடைசியில் தோற்கிறவன் எப்போதும் அவன்தான். பெட்டியை என்னிடம் நீட்டி, "இந்தா நைனா, என் மாட்டுங்கள எல்லாம் சாவடிச்சிடு, இந்தம்மாது நிக்கட்டும்" என்பான்.

அழிக்கச் சொன்னவர்

நடுவில் புளியந்தோப்பிலிருந்து ஒரு தகப்பனார். மகன் பத்தாவதில் தவறியிருந்தான். பெட்டியை மேஜைமேல் வைத்து, எதிரிலேயே எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். அழித்தேன். நாலு கடை தாண்டிப் போனவர் திரும்பி வந்தார், மூச்சு வாங்க. அழிக்குமுன் காப்பி எடுத்திருப்பேனா என்று கேட்டார். அது என் பழக்கம், எடுத்திருந்தேன். அந்தக் காப்பியைக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை. அன்றைக்கு அவர் என் காதோடு சொன்னது இவ்வளவுதான்: "பையன் பாஸ் பண்ணான்னா வந்து வாங்கிக்கிறேன். இல்லாங்காட்டி நீயே வெச்சிக்க."

தேவராஜ் தனியாக வந்த நாள்

பொய்யனுக்குப் பொய்யன் வாடை தெரியும். ஆட்டம் கடைசியாக எந்தத் தேதியில் பதிந்தது என்பதைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் தேவராஜ் கார்டில் இருந்தது, புறப்படும்போது நான் ஏற்றிக்கொடுத்த அதே தேதி. ஒரு நாள்கூட அவன் ஆடியதில்லை. மாடுமில்லை, மாடியுமில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் பெட்டியின் பட்டனை மாற்றத் தனியாக வந்தான். "ஏண்டா தேவா, பண்ணையாரே, மாடெல்லாம் எங்கடா மேயுது?" என்றேன். மாட்டிக்கொண்ட பிள்ளைபோலச் சிரித்தான். "அவகிட்ட சொல்லிடாத, நைனா" என்றான். பிறகு பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "ட்யூட்டி முட்ச்சிட்டு வந்து தொறப்பேன். வூட்ல வெளக்கு எரிஞ்சினு இருக்கும். பாத்துட்டு மூடிடுவேன். ஆடுனா நாள் நகந்துடும் நைனா."

ஸ்டெல்லா கேட்டது

அந்தப் பயணத்தில் கப்பலிலேயே அவனுக்கு நெஞ்சுவலி. உடம்பு விமானத்தில் வந்தது. துணிமணியும் சாமானும் கம்பெனி ஏஜென்ட் மூலமாக வெகுநாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தன. அந்தப் பையோடு நேரே என் கடைக்கு வந்தாள் ஸ்டெல்லா. பெட்டியில் உப்பு பூத்திருந்தது, உயிர் இல்லை. "கார்டுல ஆட்டம் இருக்குமா நைனா?" என்றாள்.

இருந்தது. அதே தேதியோடு இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள். ஒவ்வொரு தடவையும் தன் பிடிவாதத்தால் அவன் பண்ணை அழிந்ததாம், ஒரு தரம்கூட அதை அவள் கண்ணால் பார்த்ததில்லையாம். எழுந்து பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி, "அந்த மாடி, அந்த மாட்டுங்க… எனக்கு ஒரே ஒரு வாட்டி பாக்கணும்" என்றாள்.

மாடு வளர்த்த கதை

அன்றைக்கு உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கார்டு ஊறியிருக்கு, எடுக்க நாளாகும்மா" என்றேன். அவனுடைய ஆட்டத்தைப் பத்திரமாகக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கார்டைக் கடையில் இருந்த வேறு பெட்டியில் போட்டு ஆட உட்கார்ந்தேன். அவன் பெருமையடித்த பண்ணையை நானே கட்டிவிடுவது என்று முடிவு.

இந்த வயதில் விரல் எங்கே சொன்னபடி கேட்கிறது? விதைத்ததைக் காக்கை தின்றது. முதல் மாடு பட்டினியில் படுத்துக்கொண்டு என்னை முறைத்தது. ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் அலமாரியில் தூசியோடு தூங்கின. மெல்ல மெல்ல மாடி எழும்பியது, மாடு பெருகியது. கொட்டகைக்கு இடம் பற்றாமல் வாசலில் இருந்ததை வெட்டிச் சமன் செய்தேன். பக்கத்து டீக்கடை பாய் தினமும் கிளாஸை வைத்துவிட்டு என் தோள்வழியே எட்டிப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்: "இன்னா நைனா, இருக்கிற கடைய மூடிட்டு பால் யாவாரம் பண்ணப் போறியா?"

ஏற்றியதும் இறக்கியதும்

ஸ்டெல்லா வந்தாள். அவன் பெட்டியைத் துடைத்து, உயிர் கொடுத்து, கையில் வைத்தேன். திரை எரிந்தது. மாடி, மாட்டு மந்தை, எல்லாம். அவள் முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கிற்று.

"முருங்கைய காணோமே."

"புயல்ல விழுந்திருக்கும்மா. ஆட்டத்துலயும் புயல் வரும், எண்ணூர் பக்கமா கரைய கடக்கும்" என்றேன், வாய் சும்மா இருக்கிறதா?

"அத்த நாங்க ரெண்டு பேரும் சேந்து வெச்சோம். அவரு வெட்டமாட்டாரு." கண் என்னை விடவில்லை. "யாரு ஆடுனது நைனா? அவர்து எங்க?"

கம்பியைச் சொருகினேன். என் மாடுகளைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அவனுடையதை ஏற்றினேன். திரையில் சாயங்காலம். வீட்டில் விளக்கு. வாசலில் முருங்கை. மூலையில் இருந்த நாளைப் பார்த்தாள். கடைசியாக இருவரும் சேர்ந்து என் கடைக்கு வருமுன் ஆடி நிறுத்திய நாள் அது.

"ஒரு நாள்கூட ஆடலியா?"

அவன் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெகுநேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் போனபிறகும் அதில் அவள் ஆடியிருந்தாள். அறுவடை முடிந்து, நெல் மூட்டை கட்டி அடுக்கியிருந்தது.

"என்துலயும் இதையே ஏத்திடு."

"உன்னோடதுக்கு ஒரு காப்பியாவது எடுத்துக்கிறேனே, அம்மாடி."

"வாணாம். எப்பவும் என்துதான நின்னுச்சி? இந்த வாட்டி அவர்து நிக்கட்டும்."

நான் வளர்த்த அந்த மாட்டு மந்தையை வாங்க ஊரில் ஆள் இல்லாததால், நானே வைத்து இன்னமும் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன், வேறென்ன செய்ய?