கிதர் பாயின் இடது கை

பேகம்பூரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கிதர் முகம்மதுவைக் கடையில் மட்டும் பார்த்தவர்கள், அவரை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கி வாங்க", "சாயங்காலம் வாங்க", இந்த ரெண்டு பேச்சிலேயே வியாபாரத்தை முடித்துவிடுவார். அதே மனுசனை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கணும்! பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி வரிசை கட்டி வர, தாடிக்கொம்பு ரோட்டில் புல்லட்டில் அவர் போகிற தோரணை இருக்கிறதே, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுப் போகும்.

கிளப் ஆரம்பித்ததே அவர் கடை வாசலில்தான். கவர் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்த நாலு பேர் பேசிப் பேசி, "ஒரு நா எல்லாரும் சேந்து எங்கிட்டாச்சும் போயிட்டு வருவமா?" என்று கிளம்பினார்கள். யார் முன்னால் போவது என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். அந்தக் கூட்டத்தில் அவசரப்படாத ஆள் அவர் ஒருத்தர்தான். அன்றைக்கு முன்னால் போனவர்தான், பிறகு பதினோரு வருஷமாக அந்த இடத்தை யாரும் கேட்கவும் இல்லை, அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

கூட்டமாக ரைடு போவது என்றால் ஆளாளுக்கு ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு பறப்பது என்று யாராவது நினைத்திருந்தால், கொஞ்சம் இப்படி வாங்க. முன்னால் போகிறவர் எல்லாருக்கும் சேர்த்து ரோட்டைப் பார்க்கணும். வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாது, அதனால் பேசுவதெல்லாம் இடது கைதான். விரலைக் கீழே காட்டினால் பள்ளம். கையை விரித்து மேலே தூக்கினால் வேகத்தைக் குறை. அவர் தூக்கியதும் அடுத்தவர் தூக்குவார், அதற்கடுத்தவர் தூக்குவார், கடைசி வண்டி வரைக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் பக்கத்து ரோட்டுக்கு இது இல்லாமல் ஆகாது. எரியோடு தாண்டினால் சோளக்கதிரை ரோட்டிலேயே பரப்பிக் காயப் போட்டிருப்பார்கள். தெரியாமல் அதில் ஏறி பிரேக்கைப் பிடித்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். பாய்க்குப் பின்னால் போன ஒருத்தருக்கும் இதுவரை முட்டி சிராய்த்ததில்லை.

கிளப்புக்குச் சட்டம் போட்டதும் அவர்தான். கியர் வண்டி மட்டும். "சின்னச் சக்கரத்த வச்சுக்கிட்டு சோளத்துல ஏறுனா சாஞ்சுரும்" என்பார். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற கீர்த்தனா முதல் தடவை ஸ்கூட்டரில் வந்து நின்றபோது, "கோவிச்சுக்காதம்மா, கியர் வண்டியோட வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் சும்மா விடுகிற பிள்ளையா? அண்ணன் பைக்கில் ஓட்டப் பழகி, தீபாவளி கழிந்ததும் சொந்தக் கியர் வண்டியோடு வந்து இறங்கினாள். இப்போது பாய்க்கு அடுத்த வண்டி அவளுடையதுதான்.

இம்புட்டு வருஷம் ரோட்டில் விழாத மனுசன், போன மழைக்காலத்தில் கடைக்குள்ளே விழுந்தார். பரணில் இருந்த ரெக்சின் சுருளை எடுக்க ஸ்டூலில் ஏறினார், ஸ்டூல் வாரிவிட்டது. இடது முழங்கை முறிந்து, தோள்பட்டையும் பிசகி, பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த டாக்டர் நைசாகத்தான் சொன்னார். "தையலுக்குக் கை ஒத்துழைக்கும் பாய். லேசான வண்டிகூட ஓட்டலாம். ஆனா புல்லட் கிளட்சு வேண்டாம். கை நெஞ்சுக்கு மேல ஏறவும் ஏறாது."

பாய் வீட்டுக்கு வந்தார், செல்லை எடுத்தார், கிளப் வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்து வெளியேறினார். கிளப்பைச் சேர்ந்த, அகரத்தில் பூ விவசாயம் பார்க்கிற மலைச்சாமி பதறிப்போய் ஓடி வந்தபோது, "புல்லட்ட வாங்க ஆள் இருந்தாச் சொல்லுப்பா" என்றார். இனி முன்னால் போக முடியாது என்பது அவருக்குச் சோறு இறங்காத துக்கம். அதை யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தானே!

கடைசியில் பொறுத்துப் பார்த்துப் பொறுமை இழந்தது அவர் மனைவி கமர்ஜஹான்தான். மலைச்சாமிக்குப் போன் போட்டு, "தம்பி, ஞாயித்துக்கெழம வந்தா இந்த மனுசன் வாசலுக்கும் அடுப்படிக்குமா நடந்தே என் உசுர எடுக்குறாரு. எப்புடியாச்சும் கூட்டிட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

அந்த ஞாயிறு விடிந்ததும் வாசலில் ஹாரன் சத்தம். பாய் கதவைத் திறந்தால் மொத்த கிளப்பும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் பளிச்சென்று கழுவித் துடைத்த ஸ்கூட்டர். மெக்கானிக் ராபின் அதன் இடது பிரேக்கைத் தொட்டுக் காட்டினான். "ரெண்டு வெரல் போதும் பாய். வெண்ணெய் மாதிரி வச்சிருக்கேன்."

"ஸ்கூட்டரா? சட்டம் என்னாச்சு?"

"சட்டத்த நேத்தே தூக்கிட்டோம்" என்றாள் கீர்த்தனா.

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்குறது? நீங்கதான் குரூப்லயே இல்லயே!"

தெருவே சிரித்தது. பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கீர்த்தனா பக்கத்தில் வந்து, "அடையாளம் தெரியலயா? அன்னைக்கி நீங்க திருப்பி அனுப்புன வண்டிதான் பாய். அது ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றாள்.

பாய் ஸ்கூட்டர் சீட்டைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "கை தூக்க முடியாதவன் முன்னால போகக் கூடாதும்மா. பின்னால இம்புட்டு உசுரு வருது. நான் கடைசியில வாரேன்."

"அப்ப நாங்க யாரும் போகல" என்று மலைச்சாமி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டான். எல்லாரும் ஸ்டாண்டு போட்டார்கள். உள்ளேயிருந்து கமர்ஜஹான் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

பாய் முன்னால் மெதுவாகத்தான் போனார். தாடிக்கொம்பு போனது, அகரம் போனது. எரியோடு தாண்டி அந்த வளைவு வந்தது. திரும்பினால் ரோட்டில் பாதிக்குச் சோளக்கதிர். பழக்க தோஷம், இடது கையைத் தூக்கப் போனார். அசைவு தோளோடு நின்றுவிட்டது. யா அல்லா, பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன் என்று கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் கீர்த்தனாவின் கை விரிந்து மேலே நின்றது. அவளுக்குப் பின்னால் ராபின் கை. அதற்குப் பின்னால் மலைச்சாமி கை. வளைவு முழுக்கக் கைகள். எல்லா வண்டியும் வேகம் குறைந்து, சோளத்துக்கு ஒதுங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்போல வந்தன. பாய் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதார். இந்தப் பிள்ளைகளை நாம்தான் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமே என்று அழுதார். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாவுக்கே என்று வடமதுரை வரைக்கும் வாய் ஓயவில்லை.

டீக்கடையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கீர்த்தனாவைக் கேட்டார். "நான்தான் கையே தூக்கலயே. நீ எப்புடித் தூக்குன?"

"ஒங்க தோளு லேசா அசைஞ்சுச்சு பாய். அம்புட்டுதான். இத்தன வருஷமா ஒங்க முதுகத்தான பாத்துக்கிட்டு வாரேன்?"

அன்றைக்கு எல்லாருக்கும் டீயை அவரே ஒற்றைக் கையால் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அகரத்துப் பக்கம் நேரான ரோடு. பள்ளம் இல்லை, கதிர் இல்லை, எதிரே ஒரு வண்டி இல்லை. பாய் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இடது தோளை லேசாக அசைத்தார். பின்னால் வரிசையாக அத்தனை கையும் மேலே போனது.

மலைச்சாமி பக்கத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். "பாய், ரோட்டுல ஒண்ணையும் காணமே? எதுக்கு இப்ப?"

"ஒண்ணுமில்லப்பா" என்றார் பாய். "இன்னொரு தடவ பாக்கணும்போல இருந்துச்சு."