மரத்தடி வகுப்புக்கு வந்த பாராட்டு

ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்னூர்ப் பக்கம் ஒரு முனிசிபல் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவேன். என் வகுப்பறைக் கூரையில் பாதி ஓடுகள் இருந்தன. மீதிப் பாதி எங்கே போயின என்று எனக்கு முன்னால் இருந்த டீச்சருக்கும் தெரியாது. மழை வந்தால் பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் புங்கமரத்தடிக்குப் போய்விடுவோம்.

அந்த வருஷம் கல்வி ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் ஆண்டில் எப்படி முன்னேறப் போகிறது என்று ஒவ்வொரு பள்ளியும் திட்டம் எழுதி அனுப்ப வேண்டுமாம். எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை யாருக்கும் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய திட்டம். பள்ளியின் திட்டத்தை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"மூன்றாம் வகுப்பறை ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது திட்டம் இல்லீங்க டீச்சர், புகார்."

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்."

"உள்ளதை எழுதினா, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. கொஞ்சம் உசத்தியா எழுதுங்க. கடைசியில ஓடு கேட்டுக்கலாம்."

எனக்கு இருபத்து மூன்று வயது. உசத்தியாக எழுத வரும் என்ற கர்வம் வேறு. மரத்தடியில் உட்காருவதை 'இயற்கையோடு இயைந்த திறந்தவெளிக் கல்வி' ஆக்கினேன். அதனால் குழந்தைகளின் கவனமும் உடல்நலமும் மேம்பட்டன என்று ஒரு பத்தி. முன்வரிசைப் பெண் ஒருத்தி மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்ததை அந்த மேம்பாட்டில் சேர்க்கவில்லை. கடைசி வரியில், மிகுந்த பணிவோடு, ஓடு கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் முறை மற்ற பள்ளிகளுக்கும் முன்மாதிரி என்று பாராட்டியிருந்தார்கள். பள்ளியே திறந்தவெளியை விரும்புவதால் ஓடு தேவையில்லை என்று அந்தக் கோரிக்கையை நீக்கியிருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "ரொம்ப நல்லா எழுதிட்டீங்க டீச்சர்" என்றார்.

அடுத்த மாதமே முன்மாதிரியைப் பார்க்க மேலதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டோம். இயற்கை எங்கள் தலையில் புங்கம்பூவையும் காக்கை எச்சத்தையும் போட்டுக்கொண்டிருக்க, அவர் திருப்தியோடு குறிப்பு எழுதினார். அந்த நேரம் பார்த்து, இருமும் பெண்ணின் தாயார் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தார். மார்க்கெட்டில் கீரை விற்பவர்.

"ஏன் சார், கட்டடம் இருக்கு, பிள்ளைங்களை ஏன் மண்ணுல ஒக்கார வச்சிருக்கீங்க?" என்று நேராக அதிகாரியிடமே கேட்டார்.

"இது புது முறைம்மா. ஒடம்புக்கு நல்லது."

"அப்ப ஒங்க ஆபீஸையும் இங்கயே கொண்டாந்துருங்களேன் சார். எடம் இருக்கு."

அதிகாரிக்கு அடுத்த பள்ளி ஞாபகம் வந்தது. அவர் கிளம்பியதும் அந்த அம்மா என்னிடம் திரும்பினார்.

"இப்படி யாரு டீச்சர் எழுதிக் குடுத்தது?"

தலைமை ஆசிரியர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தாங்க" என்றேன்.

அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. "சரி விடுங்க. இனிமே நாங்க பேசிக்கிறோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

முனிசிபல் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றார். எங்களுக்கு ஓடு வேண்டும், அவருக்கு ஓட்டு வேண்டும். பத்தே நாளில் வண்டியில் ஓடு வந்து இறங்கியது. கவுன்சிலர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, முதல் ஓட்டைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

வருஷ முடிவில் ஆபீஸிலிருந்து இன்னொரு கடிதம். மேம்பாட்டுத் திட்டம் எவ்வாறு வெற்றி பெற்றது என்று அறிக்கை அனுப்ப வேண்டும்.

"இந்தத் தடவை நான் எழுதலைங்க சார்" என்றேன்.

தலைமை ஆசிரியர் வற்புறுத்தவில்லை. படிவத்தை மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கீரைக்கார அம்மாவை இதுல எங்கங்க எழுதறது? அதுக்குக் கட்டமே இல்லையே" என்றார்.

கடைசியில், எல்லாக் கட்டத்துக்கும் கீழே இருந்த வெற்றிடத்தில், 'பெற்றோர் வற்புறுத்தியதால் ஓடு மாற்றப்பட்டது' என்று எழுதினார். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட்டு அடிக்கவில்லை. நான் கையை நீட்டி வாங்கி, அவர் மனம் மாறுவதற்குள் தபாலில் சேர்த்துவிட்டேன்.