படத்தில் விழுந்த பச்சைக் குடை

பிள்ளைகளே, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். காப்பியை ஆற்றுவதுபோல, வருகிற அலையை ஆற்றி அனுப்புவதால் அந்தப் பெயர் என்பார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தேன். காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் மகள்.

அவளுக்குச் சென்னையில் வேலை. ட்ரோன் பறந்துபோய் அலையாத்திக் காட்டை மேலிருந்து படம் எடுக்கும். எது மரம், எது தண்ணீர் என்று கம்ப்யூட்டரே குறித்துவிடும். அதற்கு அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அது தப்பாகக் குறித்ததைத் திருத்துகிறவள் என் மகள். தீபாவளிக்கு வந்துபோனவள், சித்திரை பிறந்தும் வரவில்லை. போனில் கேட்டால், "இந்தப் படமெல்லாம் முடியட்டும்ப்பா" என்பாள்.

ஒருநாள் அவளுடைய ஆபீஸ்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். தேவகோட்டை வழியாகத் தொண்டிப் பக்கம் அவர்களைக் கூட்டிப்போனவன் நான்தான். ட்ரோன் ஓட்டுகிறவர் ராமநாதபுரத்துத் தம்பி. "அண்ணே, இங்குட்டு வந்து நில்லுங்க. அங்குட்டு நின்னா படத்துல விழுந்துருவீக" என்றார்.

அந்தப் படம் என் மகளிடம்தானே போகும்? அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் கல்லூரிக்குக் கொண்டுபோன பச்சைக் குடை வண்டியிலேயே கிடந்தது. அதை விரித்துக்கொண்டு சேற்றோரம் போய் நின்றேன். தலைக்கு மேலே வண்டுபோலச் சத்தம் வந்ததும் கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். குரலில் சிரிப்பு.

"அப்பா, கரையில தனியா ஒரு அலையாத்தி நிக்கிதுன்னு கம்ப்யூட்டர் குறிச்சிருக்கு. பெருசாக்கிப் பாத்தா என் குடை! கிளை மாதிரி ஒரு கை வேற நீட்டிக்கிட்டு இருக்கு."

"நாந்தான் ஆத்தா."

"மூஞ்சியக் காட்டணும்னா குடைய மடக்க வேணாமா?"

"மடக்குனா நாந்தான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப என்னத்தா செய்வ?" என்று கேட்டேன்.

"மரமில்லைன்னு மாத்தணும்ப்பா. இல்லாட்டி அடுத்த வருசம் படத்துல குடை இருக்காது. இங்க இருந்த மரத்தக் காணோம்னு காட்டும்."

"அடுத்த வருசமும் வேணா வந்து நிக்கிறேன்."

"அப்பா..."

"சரித்தா, மாத்து. மரமில்லைன்னா என்னை என்னன்னு போடுவ?"

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. அதுலதான் போடணும்."

வேலை என்றால் சரியாகத்தானே செய்ய வேண்டும்? அங்கே உண்மையாக நிற்கிற மரங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்பறமா மாத்துத்தா" என்றேன்.

"ம்" என்றாள்.

அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் ஆபீசில் மின்விசிறி ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான், அவள் மவுசைத் தட்டிய சத்தம் 'டிக்' என்று கேட்டது.