நான் விலகிய பெற்றோர் குழு

மகன் வெளிநாட்டில் பணிபுரிவதால், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்கு நானே பொறுப்பாளன். பள்ளியின் அறிவிப்புகள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். அதில் கடியப்பட்டணத்தில் மீன் விற்கும் ஒரு தாய், "இந்த நோட்டீஸ ஆராவது வாசிச்சு விடுங்களேன்" என்று நாள்தோறும் குரல்பதிவு அனுப்புவார். பட்டம் பெற்றவன் என்ற செருக்கில், "இது சந்தையல்ல" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகினேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு பிற்பகலில் அதே குரல் தொலைபேசியில் ஒலித்தது.

"ஐயா, நான் ஒங்க பேத்திகூட படிக்குற செலினுக்க அம்மை. நுழைவுத்தேர்வு விண்ணப்பத்துல ஒங்க பேத்திக்கு மட்டும் பொறுப்பாளர் கையெழுத்து இல்ல. இன்னைக்குத்தான் கடைசி. பிள்ளை ஒங்களப் பாத்துகிட்டு நிக்குது. நாலு மணிக்கு ஆபீஸ் பூட்டிருவாவ, வேகம் வாங்க!"

தோவாளை வீட்டிலிருந்து ஆட்டோவில் விரைந்தேன். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, மகனிடம் என்ன சொல்வேன் என்பதே நெஞ்சை அழுத்தியது. பேத்தியின் படிப்பைவிட என் பெயருக்காகவே அதிகம் அஞ்சினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியை அடைந்தபோது மணி நான்கு பத்து. அலுவலக வாசலை மறித்தபடி அந்தத் தாய் நின்றார். உள்ளே எழுத்தர் முறைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் ஒப்பமிட்டேன்.

"சந்தைக்காரி சத்தம் போட்டதுனாலதான் ஐயா, சார் போவாம இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார் அவர்.

மகனிடம், "பள்ளியிலிருந்து தெரிவித்தார்கள்" என்று மட்டும் சொன்னேன். மீண்டும் குழுவில் சேர்ந்தேன்; இன்று அதில் வரும் அறிவிப்புகளை நான்தான் குரல்பதிவாக வாசித்து அனுப்புகிறேன். "மன்னியுங்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் இன்னும் பதிவுசெய்ய இயலவில்லை.