பெரிய கிளாக்கரின் புது பிரேக்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த கனகசபைக்கு ரயில் என்றாலே இளக்காரம். தோட்டத்து ஆட்களோடு முழங்கை உரசிக்கொண்டு யாழ்ப்பாணம் போவதற்கு அவர் என்ன கங்காணியா? மாமனார் வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். மைத்துனியின் கலியாணத்துக்குக் காரில்தான் போவோம் என்றார். நாள் நெருங்கியதும், இந்த இறக்கங்களுக்குப் பிரேக் போதாது என்றார். அவர் பெருமை பேசி முடிப்பதற்குள், இவர்கள் போகாமலே, அவர் மனைவி லீலாதேவியின் ஒரே தங்கைக்குத் தாலி ஏறிவிட்டது.

அன்றோடு லீலாதேவி புருசனுடன் பேசுவதை நிறுத்தினாள். தான் முதலில் வாய் திறந்தால் உத்தியோகம் போய்விடும் என்பதுபோல் அவரும் இருந்தார். தேத்தண்ணி வேண்டுமென்றால் வேலைக்காரி பெரியாயியிடம் சொல்வார், பெரியாயி அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல்வாள்.

கலியாணமெல்லாம் முடிந்து ஆறிய பிறகு ஐயாவுக்குப் பிரேக் கிடைத்தது. தோட்டத்துத் துரையின் புதுக்கார் பள்ளத்தில் உருண்டு நொறுங்கியபோது அதன் முன்சில்லு டிஸ்க் பிரேக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார். பதுளையில் ஸலீமின் கராஜ் இருந்தது. அங்கே கொடுத்தால் பெயர் ஸலீமுக்குப் போய்விடுமே. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்துப் படுத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களைத் தானே பூட்டினார்.

இனிப் பிரேக் குழாய்க்குள் இருந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் காருக்குள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே திருகாணியைத் திறந்து, காற்றும் ஒயிலும் வெளியேறியதும் மூட வேண்டும். அதன் பிறகுதான் காலை எடுக்கலாம். லீலாதேவி உள்ளே இருந்தாள். நடுவில் பெரியாயி நின்றாள்.

"மிதிக்கச் சொல்லு."

"அம்மா, மிதிக்கச் சொல்றாங்க."

"விடச் சொல்லு."

பெரியாயி சொல்லி முடிக்குமுன் அவர் அடுத்த தடவைக்குத் திருகாணியைத் திறந்துவிடுவார். லீலாதேவி அப்போதுதான் காலை எடுப்பாள். போன காற்று அவ்வளவும் திரும்பி உள்ளே வரும். வெயில் ஏறியும் பிரேக் சதசதவென்று அடிமட்டம் வரை போனது.

"அவவுக்கு மிதிக்கவும் தெரியேல்லை எண்டு சொல்லு."

"அம்மா, ஒங்களுக்கு மிதிக்கத் தெரியலையாம்."

காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களை லீலாதேவி பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. இந்த மனிசனுக்காகவா இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

"பெரியாயி, நீ உள்ளுக்குப் போ," என்றாள். பிறகு பிரேக்கை மிதித்துப் பிடித்தாள். "திறவுங்கோ."

கீழே திருகாணி திரும்பியது.

"பூட்டுங்கோ."

பூட்டினார். அவள் சொல்லச் சொல்ல, பெரிய கிளாக்கர் திறந்தார், பூட்டினார். கொஞ்ச நேரத்தில் பிரேக் காலுக்குக் கல்லாக நின்றது.

கனகசபை முகமெல்லாம் ஒயிலோடு எழுந்து வந்தார். பிரேக்கும் சரி, பெண்சாதியும் சரி என்ற பூரிப்பு. "பாத்தீரே? இனி யாழ்ப்பாணத்துக்கே காரிலை போகலாம்."

லீலாதேவி வீட்டுக்குள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள், பின்னால் பெரியாயியும் வந்தாள். "பதுளை ஸ்டேசன் மட்டும் போனால் காணும். அங்காலை நான் ரயிலிலை போறன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். "எப்ப திரும்பி வருவீர்?"

அவள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பெரியாயி, ரயிலுக்கு நேரமாகுது எண்டு ஐயாவிட்டைச் சொல்லு."